தன்விவரக் குறிப்பு எழுத எவ்வளவு கொடுக்கலாம்?

மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கள்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடைபெறுகிறது. வளாகத்துக்கு வெளியே மனு எழுதிக் கொடுப்பவர்கள் அமர்ந்திருப்பதைப் பார்க்கலாம். எழுதத் தெரியாதவர்களும், தெரிந்தும் அலுவலக நடை பிடிபடாதவர்களும் ஒரு சிறு தொகையைக் கொடுத்து அவர்களிடம் மனு எழுதி வாங்குகிறார்கள். எழுதியவரே பட்டாவையும் வாங்கித் தருவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கூலி எழுத்துக்கு மட்டுமே. முடிவு அதிகாரியின் கையில். இந்த எல்லை இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரிவதால், அங்கே விலையும் வரம்புக்குள் நிற்கிறது.

வேலை தேடுவோருக்குத் தன்விவரக் குறிப்பு எழுதிக் கொடுக்கும் தொழிலில் இந்த எல்லை மங்கிக் கிடக்கிறது. 'பயோடேட்டா' என்றும் 'ரெஸ்யூமே' என்றும் வழங்கப்படும் அந்த இரண்டு பக்கங்களைக் கணினி மையங்கள் சில நூறு ரூபாய்க்குத் தட்டச்சு செய்து தருகின்றன. இணையத்தில் தனியாகத் தொழில் செய்வோர் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிறார்கள். நிறுவனங்களோ அனுபவ ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பல ஆயிரம் ரூபாய் வரை கட்டணம் வசூலிக்கின்றன. 'நேர்காணல் அழைப்புக்கு உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்வோரின் கட்டணம் அதற்கும் மேல். ஒரே பணிக்கு இவ்வளவு விலை வேறுபாடு ஏன்? எந்தத் தொகை நியாயமானது? முதல் வேலையைத் தேடும் ஒருவருக்கு இது சிறிய கேள்வியன்று. கல்விக் கடனின் முதல் தவணை நெருங்கும் நேரத்தில், வருமானமே இல்லாத கையிலிருந்து போகும் பணம் அது.

பிறர் எழுதுவது இழுக்கா?

தன்னைப் பற்றிய குறிப்பைப் பிறரைக் கொண்டு எழுதுவிப்பதில் தவறேதும் இல்லை. ஓவியர் லியனார்டோ டாவின்சி 1482-ஆம் ஆண்டையொட்டி மிலான் நகரின் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதிய வேலை விண்ணப்பக் கடிதத்தின் வரைவு இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது. அந்த வரைவு அவருடைய கையெழுத்தில் இல்லை. எழுத்துப் பயிற்சி பெற்ற வேறொருவர் எழுதியது அது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

ஆனால், கடிதத்தின் பொருள் முழுவதும் டாவின்சியினுடையது. எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள் எனப் போருக்குப் பயன்படும் தன் திறன்களை அவர் வரிசையாக அடுக்குகிறார். சிற்பமும் ஓவியமும் கடைசியில்தான் வருகின்றன. படிப்பவருக்கு எது தேவையோ அதை முதலில் வைத்தார். எழுதும் கையை இரவல் பெறலாம். சொல்லவேண்டிய செய்தியை இரவல் பெற முடியாது. கட்டணத்தைப் பற்றிய சிந்தனை இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

கொடுக்கும் பணம் எதற்கு?

நல்ல தன்விவரக் குறிப்பு ஒன்றை எழுதுவதில் நான்கு பணிகள் அடங்கியுள்ளன: கேட்பது, தேர்ந்தெடுப்பது, எழுதுவது, திருத்துவது. இவற்றுள் மிக மதிப்புடையது முதலாவதே. கோவையில் பம்புசெட் தொழிற்சாலை ஒன்றில் ஆறு ஆண்டுகள் பண்டகக் காப்பாளராகப் பணியாற்றிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரை எழுதச் சொன்னால், 'பொறுப்புணர்வுடன் கடுமையாக உழைப்பவர்' என்று எழுதக்கூடும். எத்தனை வகை உதிரிபாகங்களின் இருப்பைக் கவனித்தீர்கள், ஆண்டுக் கணக்கெடுப்புக்கு முன்பு எத்தனை நாள் ஆயிற்று, இப்போது எத்தனை நாள் ஆகிறது, கணினிப் பதிவு முறைக்கு மாறியபோது உங்கள் பங்கு என்ன என்று ஒருவர் அமர்ந்து கேட்டால், வேலை தருபவர் படிக்க விரும்பும் செய்திகள் ஒவ்வொன்றாக வெளிவரும். தான் அன்றாடம் செய்யும் வேலையின் மதிப்பு பெரும்பாலும் அவரவர்க்குத் தெரிவதில்லை. அதைக் கேட்டு வெளிக்கொணர்பவருக்குக் கூலி கொடுப்பது நியாயம்.

மாறாக, ஒரு படிவத்தை அனுப்பி நிரப்பச் சொல்லி, அதே விவரங்களை வண்ணக் கட்டங்களுக்குள் அடுக்கித் திருப்பி அனுப்புவது தட்டச்சுப் பணி மட்டுமே. அதற்குத் தட்டச்சுக்குரிய கூலியே போதுமானது. விலை வேறுபாட்டின் பின்னுள்ள முதல் உண்மை இது. இரண்டு வேறு பணிகள் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன.

இரண்டு அளவுகோல்கள்

நியாயமான தொகையைக் கணக்கிட விளம்பரங்களை ஒப்பிட வேண்டியதில்லை; உழைப்பு நேரத்தைக் கணக்கிட்டாலே போதும். அனுபவம் இல்லாத பட்டதாரியின் குறிப்புக்கு உரையாடல், எழுத்து, திருத்தம் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் போதும். ஐந்து முதல் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகலாம். பல நிறுவனங்களில் பணியாற்றி உயர்பொறுப்புக்கு விண்ணப்பிப்பவருக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தேவைப்படலாம்.

இனி, ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி? ஆங்கிலத்தில் திறம்பட எழுதக்கூடிய ஒருவர் மாதம் 60,000 ரூபாய் ஊதியத்தில் 200 மணி நேரம் பணிபுரிகிறார் எனக் கொண்டால், ஒரு மணி நேரத்தின் மதிப்பு 300 ரூபாய். தனியாகத் தொழில் செய்பவருக்கு வேலையில்லாத நாள்கள், இணையச் செலவு, வாடிக்கையாளரைத் தேடும் நேரம் ஆகியவை உண்டு. ஆகவே 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அதன்படி புதிய பட்டதாரிக்கு 1,000 ரூபாய், இடைநிலை அனுபவம் உள்ளவருக்கு 2,500 ரூபாய், உயர்பொறுப்புக்கு 4,000 முதல் 5,000 ரூபாய் என்ற வரம்பு கிடைக்கிறது.

இது விற்பவர் பக்கத்து அளவுகோல். வாங்குபவர் பக்கத்துக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். எதிர்பார்க்கும் வேலையின் ஒரு நாள் ஊதியம், மிஞ்சினால் இரண்டு நாள் ஊதியம் என்பதே அந்த வரம்பு. 15,000 ரூபாய் வேலையைத் தேடுபவர் 500 முதல் 1,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பது பொருந்தாது. 60,000 ரூபாய் வேலையை எதிர்பார்ப்பவருக்கு இந்த வரம்பு 2,000 முதல் 4,000 ரூபாய். இரண்டு அளவுகோல்களும் வெவ்வேறு தொகையைக் காட்டினால், குறைந்த தொகையை உச்சவரம்பாகக் கொள்வதே விவேகம்.

கட்டணத்துடன் 18 சதவீத ஜிஎஸ்டி சேருமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவையாளர்கள் பொதுவாக இந்த வரிக்குப் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு செய்யாதவர் அந்த வரியை வசூலிக்கவும் முடியாது. பதிவு எண் அச்சிடப்பட்ட ரசீது இல்லாமல் வரி கேட்பவரிடம், அது யாருக்குப் போகிறது என்று கேட்கலாம்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

நன்றாக எழுதப்பட்ட குறிப்பால் பயன் உண்டா? உண்டு. பெல்ஜியத்தில் ஆள்தேர்வுப் பணியில் இருந்த 445 பேரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு ஒன்றில், எழுத்துப் பிழைகள் நிறைந்த விண்ணப்பங்களுக்கு நேர்காணல் வாய்ப்பு 18.5 சதவீதப் புள்ளிகள் குறைந்தது தெரியவந்தது. பிழைகள் சிலவே இருந்தபோதும் 7.3 புள்ளிகள் குறைந்தன.

அதே 2023-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர், இணையவழி வேலைச் சந்தை ஒன்றில் சேர்ந்த ஏறத்தாழ 5 லட்சம் பேரை வைத்து ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். குறிப்பிட்ட பகுதியினருக்கு மட்டும் அவர்களுடைய குறிப்பில் உள்ள எழுத்துப் பிழை, இலக்கணப் பிழைகளைச் சுட்டிக்காட்டும் மென்பொருள் உதவி கொடுக்கப்பட்டது. அவர்கள் வேலைக்கு எடுக்கப்படும் வாய்ப்பு 8 சதவீதம் கூடியது. ஊதியமும் 10 சதவீத அளவுக்கு உயர்ந்தது.

இந்த இரண்டு ஆய்வுகளையும் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். பலன் தந்தது பிழையற்ற, தெளிவான மொழி. வண்ணமோ வடிவமைப்போ அன்று. பிழைதிருத்தும் மென்பொருள் இன்று பெரும்பாலும் இலவசம். மொழியறிந்த ஆசிரியரோ நண்பரோ அரை மணி நேரம் ஒதுக்கினாலும் அதே பலன் கிடைக்கும்.

செலவே இல்லாத இன்னொன்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் வேலை தேடுவோரிடையே நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், முன்னாள் முதலாளியிடமிருந்து பெற்ற பரிந்துரைக் கடிதத்தை விண்ணப்பத்துடன் இணைத்தபோது மறு அழைப்புகள் 60 சதவீதம் அதிகரித்தன. நம் ஊர்ச் சந்தை வேறு என்பது உண்மைதான். எனினும், பயிற்சி பெற்ற நிறுவனத்தின் மேலாளரிடம் நான்கு வரி கேட்டு வாங்குவதை நம் மாணவர்கள் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை.

அச்சம் ஒரு விற்பனைப் பொருள்

விலையை உயர்த்தும் முக்கியக் கருவி, 'ஏடிஎஸ்' எனப்படும் விண்ணப்ப மேலாண்மை மென்பொருளைப் பற்றிய அச்சம். 'நூற்றுக்கு எழுபத்தைந்து விண்ணப்பங்களை மனிதர் பார்ப்பதற்கு முன்பே கணினி நிராகரித்துவிடுகிறது' என்ற வாசகம் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் நம்பத்தகுந்த ஆய்வு எதையும் அவை காட்டுவதில்லை.

அந்த மென்பொருளின் அடிப்படைப் பணி, வரும் விண்ணப்பங்களைச் சேமித்து, பெயர், கல்வி, அனுபவம் என்று பிரித்து அடுக்கி, தேடுபவருக்குச் சொற்களின் அடிப்படையில் எடுத்துக் கொடுப்பது. நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குத் தகுதியில்லாத விடை அளித்தவர்களை அது ஒதுக்கக்கூடும். மற்றபடி, அது ஒரு கோப்பு அலமாரி போன்றது. சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. கட்டங்கள், இரட்டைப் பத்திகள், படமாக ஒட்டப்பட்ட எழுத்துகள் ஆகியவற்றைச் சில மென்பொருள்கள் சரியாகப் படிப்பதில்லை. கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் அலங்கார வடிவமைப்பே தடையாக மாறுவதும் உண்டு.

இதைச் சோதிக்க யாருக்கும் கட்டணம் செலுத்த வேண்டாம். பிடிஎஃப் கோப்பைத் திறந்து, எழுத்துகள் முழுவதையும் நகலெடுத்து, வெறும் எழுத்துக் கோப்பில் ஒட்டிப் பார்த்தால் போதும். வரிகள் வரிசை மாறாமல் வந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. சில தளங்கள் இலவசமாக மதிப்பெண் தருவதாகச் சொல்லி, குறைந்த மதிப்பெண்ணைக் காட்டி, அதை உயர்த்தக் கட்டணம் கேட்கின்றன. அந்த மதிப்பெண் அத்தளம் தானே வகுத்துக்கொண்டது. வேலை தரும் நிறுவனம் அதைப் பார்ப்பதில்லை.

எங்கே விலக வேண்டும்?

எழுதுபவரின் கையில் இல்லாததை விற்பவரிடமிருந்து விலகுவதே முதல் பாதுகாப்பு. நேர்காணலுக்கோ வேலைக்கோ உத்தரவாதம் தருபவர், 'பதிவுக் கட்டணம்', 'சரிபார்ப்புக் கட்டணம்' என்று அடுத்தடுத்துப் பணம் கேட்பவர், குறிப்பு எழுதுவதற்கு ஆதார், பான் அட்டை நகல்களைக் கேட்பவர் ஆகிய மூவரும் அந்த வகையினர். 'சலுகை இன்னும் பத்து நிமிடங்களில் முடிகிறது' என்று அவசரப்படுத்துவதும் வணிக உத்தியே. பொய்யான அவசரத்தை உருவாக்குவதை, 2023 நவம்பரில் வெளியிடப்பட்ட நுகர்வோரை ஏமாற்றும் இணைய உத்திகள் குறித்த மத்திய வழிகாட்டுதல்கள் தடை செய்துள்ளன.

இல்லாத அனுபவத்தைச் சேர்த்துத் தருகிறேன் என்பவர் மிகவும் ஆபத்தானவர். வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் பணி வரலாற்றில் எந்த நிறுவனத்தில் எந்தக் காலத்தில் பணியாற்றினார் என்ற விவரம் பதிவாகிறது. பின்னணி சரிபார்ப்பில் அதைக் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. பொய் வெளிப்படும்போது வேலையை இழப்பவர் விண்ணப்பதாரர்தான்; எழுதிக் கொடுத்தவருக்கு இழப்பேதும் இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுவது நல்லது. எழுதப்போகிறவர் என்னிடம் நேரிலோ தொலைபேசியிலோ பேசுவாரா? எத்தனை முறை திருத்தித் தருவார்? பின்னாளில் நானே மாற்றிக்கொள்ளத்தக்க கோப்பு கிடைக்குமா? எந்த நாளில் முடியும்? பணி சரியில்லையென்றால் தொகை திரும்புமா? பாதியை முன்பணமாகவும் மீதியைப் பணி முடிந்த பின்னும் கொடுப்பது இருவருக்கும் பொருத்தமான ஏற்பாடு.

ஏமாற்றப்பட்டவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. தவறான விளம்பரமும் சேவைக் குறைபாடும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பணத்தைப் பெற்றுக்கொண்டு மறைந்துவிடும் இணைய மோசடி என்றால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

யார் கொடுக்கலாம்? யார் கொடுக்க வேண்டாம்?

துறை மாறுபவர், சில ஆண்டு இடைவெளிக்குப் பின் பணிக்குத் திரும்பும் பெண்கள், பலவகைப் பணிகளை ஒரே கதையாகச் சொல்லத் தடுமாறுபவர், உயர்பொறுப்புக்குச் செல்பவர் ஆகியோருக்குத் திறமையான எழுத்தாளரின் உதவி பயன்தரும். மேற்சொன்ன வரம்புக்குள் அவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம்.

புதிய பட்டதாரிக்கு அந்தத் தேவை அரிது. படிப்பு, செய்து முடித்த திட்டப்பணி, உள்ளகப் பயிற்சி, தெரிந்த மென்பொருள் அல்லது இயந்திரம் ஆகியவை ஒரே பக்கத்தில் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் நடத்திவரும் 'யூரோபாஸ்' தளத்தில் இலவசமாகக் குறிப்பு தயாரிக்கலாம். 2015-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளத்தில் பதிவுக்குக் கட்டணமில்லை. தமிழகத்தில் மாவட்டந்தோறும் வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் உள்ளன. கல்லூரி மாணவர்களின் திறன் மேம்பாட்டுக்காக 2022 மார்ச் 1 அன்று 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் சில நொடிகளில் வரைவைத் தந்துவிடுகின்றன. ஆனால், அவை கேட்காத கேள்விக்கும் விடை எழுதிவிடும். செய்யாத சாதனையையும் சேர்த்துவிடும். வரிக்கு வரி சரிபார்க்காமல் அனுப்பக் கூடாது.

இவ்வளவு வழிகள் இருந்தும் மாணவர்கள் பணம் கொடுக்கத் துணிவதற்குக் காரணம், ஆங்கிலத்தில் எழுதுவதில் உள்ள தயக்கம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மாணவருக்கு, இப்படியொரு குறிப்பை எழுதிக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மாமாவோ அக்காவோ இலவசமாகச் செய்து தருவதை, இவர் கடன் வாங்கிய பணத்தில் வாங்குகிறார். கட்டணத்தின் சுமை அதைத் தாங்க இயலாதவர்மீதே அதிகம் விழுகிறது. இதைத் தனிமனிதரின் சிக்கலாக மட்டும் விட்டுவிடுவது சரியன்று.

நான்காண்டுகள் கட்டணம் பெறும் கல்லூரி, இறுதியாண்டில் ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குவது பெரிய செலவன்று. மாணவரைத் தமிழிலேயே கேள்வி கேட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் எழுத உடனிருந்து உதவினால் போதும். மொழித் துறை ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து ஒரு பருவத்துக்குள் முடிக்கக்கூடிய பணி இது. வேலைவாய்ப்பு மையங்களும் முகாம்களுக்கு முன்னதாக இத்தகைய அமர்வுகளை வழக்கமாக்கலாம்.

யார் எழுதினாலும், எவ்வளவு கொடுத்தாலும், அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே. குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரியையும் எடுத்து, 'இது எப்படி, எப்போது, எங்கே?' என்று கேட்டுக்கொண்டு, முதலில் தமிழிலும் பிறகு எளிய ஆங்கிலத்திலும் சொந்த வாயால் விளக்கிப் பார்க்க வேண்டும். விளக்க முடிகிற வரிக்குக் கொடுத்த பணம் வீணாவதில்லை. விளக்க முடியாத வரி, நேர்காணலின் முதல் ஐந்து நிமிடங்களில் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.